அத்தானின் பதினாலு அறுபத்தைந்து

எங்கள் லோரிங் ஊர்த் தபால்காரர் ஓர்வல் டீமன் என் அக்கா கிளீட்டாவின் வீட்டுக்காரர். எனக்கு அத்தான். நூற்று நாற்பது தபால் பெட்டிகள், அத்தனையும் சோளக்காட்டு ரோட்டோரம். ஒரு பெட்டிக்குப் பதினோரு மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு வருவார் என்றால் பதினொன்று பன்னிரண்டுதான். ஒருமுறை பத்து நிமிஷம் பிந்திவிட்டது என்று ஹாக்மன் வீட்டம்மா ஷெரீப் ஆபீசுக்கே போன் போட்டுவிட்டாள். ஷெரீப் பதறியடித்துப் போய்ப் பார்த்தால், டயர் பஞ்சராகி, அத்தான் ரோட்டோரம் ஜாக்கியோடு உட்கார்ந்திருக்கிறார். "இன்னும் ஆறு நிமிஷத்துல கெளம்பிடுவேன், அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க" என்றாராம். ஆறாவது நிமிஷம் கிளம்பியும் விட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் கார்ப் பந்தயம் ஓடுவார் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்களுக்கு எங்கள் கால் மைல் தெரியாது.

கால் மைல் என்றுதான் நாங்கள் அதைச் சொல்வோம். குரோவர் பாட்ஸ் தன் சோளக்காட்டின் நடுவே போட்ட தார்ப்பாதை அது. கோடு கிழித்த மாதிரி நேர்ப்பாதை. ஓரத்தில் பலகை பெஞ்சுகள், ஒரு தீனிக்கடை, கண்ணாடி வைத்த ஒரு கோபுரம். கோபுரத்துக்குள் மைக்கும் குரோவரும். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரிந்ததும் பாயும். கால் மைல் தாண்டினால் முடிந்தது. அதற்காகச் சுற்று வட்டாரத்து மூன்று கவுண்டியிலிருந்து ஜனம் வரும்.

அத்தானின் வண்டி வெளிர்பச்சை ஸ்டேஷன் வேகன், பின்னால் சாமான் ஏற்ற இடம் விட்ட குடும்பக் கார். திங்கள் முதல் சனி வரை தபால், ஞாயிறு காலை சர்ச், மத்தியானம் பந்தயம். மூன்றுக்கும் ஒரே வண்டிதான். தபால் தட்டையும் உபரி டயரையும் இறக்கி வைத்தால் அது பந்தயக் கார். திரும்ப ஏற்றினால் தபால் வண்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படிப்பட்ட வண்டி ராட்சத இன்ஜின் வைத்தவனை எப்படி ஜெயிக்கும்? அங்கேதான் சூட்சுமம். ஓடுவதற்கு முன்னால், தன் வண்டி கால் மைலை எத்தனை வினாடியில் கடக்கும் என்று ஒவ்வொருவரும் வண்டியின் ஜன்னல் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுத வேண்டும். அதற்கு டயல் என்று பெயர். என்னைக் கேட்டால் வாக்கு என்பேன். பதினாலு வினாடி எழுதியவனை முதலில் விடுவார்கள், பன்னிரண்டு எழுதியவன் இரண்டு வினாடி கழித்துத்தான் கிளம்பலாம். யார் முதலில் போய்ச் சேருகிறாரோ அவருக்கு வெற்றி. பொய்யாக இருபது வினாடி என்று எழுதிவிட்டு சுகமாக ஜெயிக்கலாமே என்று நினைக்காதீர்கள். எழுதியதைவிட ஒரு மயிரிழை வேகமாக ஓடினாலும் வாக்கு மீறியவன். தோற்றான். வேகமாக ஓடித் தோற்கிற பந்தயம் வேறெங்காவது உண்டா? எனக்குத் தெரிந்து கிடையாது.

இந்த விளையாட்டுக்கென்றே பிறந்தவர் எங்கள் அத்தான். வண்டியை விட்டு இறங்குவார். ஓரத்துச் சோளத் தோகை எப்படி அசைகிறது என்று பார்ப்பார். பிடரியைத் தடவிக்கொள்வார். "பதினாலு எழுபத்தொண்ணு" என்பார். பதினாலு வினாடி, அதன் மேல் நூறில் எழுபத்தொரு பங்கு. ஓடி முடித்ததும் குரோவர் மைக்கில் படிப்பார்: பதினாலு எழுபத்திரண்டு. அல்லது எழுபத்துமூன்று. இருபத்திரண்டு வருஷம், வாரா வாரம். ஒரு தடவைகூட அவர் வாக்கை மீறியதில்லை. மற்றவர்கள் எல்லோரும் மீறியிருக்கிறார்கள். பாதிரியாரே இரண்டு முறை மீறியிருக்கிறார்.

ஆனால் பாருங்கள், வருஷக் கடைசிப் பந்தயத்தை மட்டும் அவர் ஜெயித்ததே இல்லை. செப்டம்பர் கடைசி ஞாயிறு நடக்கும் பெரிய பந்தயம் அது. பதினொரு முறை கடைசிச் சுற்று வரை வந்து, பதினொரு முறையும் இரண்டாமிடம். ஒரு வருஷம் தும்மி, விளக்கு பச்சையாவதற்கு முன்பே கிளம்பிவிட்டார். ஒரு வருஷம் பாதி தூரத்தில் ஓர் ஆமை பாதையைக் கடந்தது. பிரேக் போட்டுவிட்டார்! கடைசிச் சுற்று, ஜெயிக்கிற நேரம், ஆமைக்குப் பிரேக் போடுகிற ஆளை என்ன செய்வது?

"ஏறிப் போக வேண்டியதுதானே அத்தான்!" என்று கத்தினேன்.

"அது பாட்டுக்குப் போயிட்டிருந்துச்சு புள்ள. அதுக்கு என்ன தெரியும்?" என்றார்.

ரெண்டாவது ஓர்வல் என்று ஊரில் பெயரே விழுந்துவிட்டது. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒவ்வொரு அக்டோபரிலும் இரண்டு வாரம் சாப்பாட்டில் உப்பிருக்கிறதா என்றுகூடத் தெரியாமல் சாப்பிடுவார் என்று கிளீட்டா சொல்வாள். ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். மனுஷனுக்கு வாழ்க்கையில் வேறு ஆசையே கிடையாது.

இதில் என் பங்கு என்ன என்றால், அவர் கண்ணாடியில் எழுதுவது நான்தான். அத்தானின் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் தானே எழுதி, அவருடைய நாலை குரோவர் ஒன்றென்று படித்து, ஒரு பந்தயம் போயே போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வேலை என்னுடையது. நான் ரிட்ச்சி மளிகைக் கடையில் வேலைக்கு இருந்தேன். கடையின் முகப்புக் கண்ணாடியில் வார விலைகளை எழுதுவது என் கைதான். பன்றி இறைச்சி, காப்பித்தூள், பீச் டப்பா எல்லாம் ஒரு முழ உயரத்தில். என் எழுத்தை நெடுஞ்சாலையிலிருந்தே படிக்கலாம். பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் குரோவர் நிலத்தை ஜல்லிக் கம்பெனிக்கு விற்றுவிட்டார். அவருக்கும் வயதாகிவிட்டது, முட்டி போய்விட்டது, யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த வருஷக் கடைசிப் பந்தயம்தான் கால் மைலுக்கே கடைசி என்று சொல்லிவிட்டார்.  அந்தச் சனிக்கிழமை அத்தான் தபால் கொடுத்து முடித்துவிட்டு வந்து, வண்டியை இரண்டு முறை கழுவினார்.

ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு கூட்டம். சர்ச் முடிந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்தவர்கள் பாதிப் பேர். ரொட்டியைவிடப் பெரிதாக நாலு பக்கமும் தொங்குகிற பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சு இரண்டு மணிக்கே தீர்ந்துவிட்டது. கிளீட்டா பெர்சிமன் பழப் புட்டிங் இரண்டு தட்டு கொண்டுவந்திருந்தாள். அத்தான் முதல் சுற்று ஜெயித்தார், இரண்டாவது, மூன்றாவது ஜெயித்தார். நாலு மணிக்குக் கடைசிச் சுற்றில் நின்றார். 

எதிரில் டென்சில் ஹாப்ஸ். கறுப்புக் கார், தரை அதிர்கிற இன்ஜின், அதைவிட அதிர்கிற வாய். நல்லவன்தான், ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டான். வரிசையில் பக்கத்தில் வந்து நின்றதும் ஆரம்பித்துவிட்டான்.

"என்ன தபால்காரரே, வண்டிக்கு ஸ்டாம்ப் ஒட்டிட்டீங்களா?"

அத்தான் அவனைக் கவனிக்கவேயில்லை. இறங்கித் தோகையைப் பார்த்தார், பிடரியைத் தடவினார். மத்தியானத்திலிருந்து பதினாலு எழுபதில் ஓடிக்கொண்டிருந்த வண்டி. வெயில் தாழ்ந்து காற்று குளிர்ந்திருந்தது. குளிர்ந்த காற்றில் இன்ஜின் கொஞ்சம் வேகமாகவே இழுக்கும்.

"வெர்லா, பழசை அழிச்சுடு. பதினாலு அறுபத்தஞ்சு."

"அறுபத்தஞ்சா? அவ்வளவு எறங்குமா அத்தான்?"

"எறங்கும். எழுது."

ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். நான் கோபுரத்தைப் பார்த்த பக்கத்துப் பின்ஜன்னல் கண்ணாடிக்குப் போனேன். உட்கார்ந்த இடத்திலிருந்து அத்தானுக்கு அது தெரியாது. துணியால் பழைய எண்ணை அழித்தேன். டென்சில் விடவில்லை.

"ஏ வெர்லா, அப்படியே எந்த ஊருக்குன்னும் எழுதிடு. வழியில தொலைஞ்சு போச்சுன்னா யாராச்சும் கொண்டாந்து சேர்ப்பாங்க!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உன் மூஞ்சிய முதல்ல ஒரு கவர்ல போட்டு ஒட்டு! திருப்பி அனுப்பக்கூட எவனும் வாங்க மாட்டான்!" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டென்சிலும் சிரித்தான். நானும் விட்டேனா? அவன் தொப்பை, அவன் தொப்பி, அவன் கார் குடிக்கிற பெட்ரோல் என்று ஒவ்வொன்றாக இழுத்தேன். வாய் அவனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு எழுதியது.

இரண்டு வண்டியும் கோட்டில் நின்றன. அத்தானுக்குப் பச்சை விழுந்தது. வேகன் மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. டென்சில் தன் முறைக்குக் காத்திருந்து, பிறகு இடி விழுந்த மாதிரி பாய்ந்தான். கறுப்பு வண்டி நெருங்குகிறது, நெருங்குகிறது, நான் கிளீட்டாவின் கையைப் பிடித்து நசுக்குகிறேன். கடைசிக் கோட்டை அத்தான் தாண்டும்போது ஒரு முழுக் கார் நீளம் முன்னால் இருந்தார். ஒரு கார் நீளம்! டென்சில் எழுதியதைவிடக் கொஞ்சம் மெதுவாகவே ஓடியிருந்தான். கிளீட்டா கைப்பையைத் தூக்கி வீசினாள். பெஞ்சுகள் மேல் ஏறி நின்று ஜனம் கத்தியது. நான் அழுதுவிட்டேன்.

 மைக்கில் குரோவர் தொண்டையைச் செருமினார்.

"ஓர்வல்... ஓடினது பதினாலு அறுபத்தேழு. எழுதினது பதினாலு அறுபத்தொன்பது. வாக்கு மீறிட்டார். ஜெயிச்சது டென்சில்."

 எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபுரத்து ஏணியில் பாதி ஏறிவிட்டேன். "கண்ணு என்ன அவிஞ்சா போச்சு குரோவர்? அறுபத்தஞ்சு! அறுபத்தஞ்சு! அஞ்சுக்கும் ஒன்பதுக்கும் வித்தியாசம் தெரியாதா உனக்கு?"

குரோவர் பாவம், விரலை நீட்டினார். வேகன் பக்கத்துப் பாதையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கண்ணாடியில் 14.69. என் எழுத்து. மளிகைக் கடையில் எல்லா விலையும் ஒன்பதில்தான் முடியும். பன்றி இறைச்சி ஒரு டாலர் அறுபத்தொன்பது, காப்பித்தூள் இரண்டு டாலர் அறுபத்தொன்பது. முந்தின நாள் பூராவும் அதையே எழுதிய கை, ஆறு போட்டதும் தானாக ஒன்பதைப் போட்டிருக்கிறது. வால் சுழித்து அழகாக வேறு போட்டிருக்கிறது.

அறுபத்தைந்து என்று எழுதியிருந்தால் அறுபத்தேழில் ஓடியது சுத்தமான வெற்றி. எழுதியது வினாடியில் நூறில் நாலு பங்கு குறைவதால் அவ்வளவு பிந்தித்தான் அவரை விட்டிருப்பார்கள் என்றாலும், அந்த ஒரு கார் நீளத்தில் பாதிகூடக் குறைந்திருக்காது. இருபத்திரண்டு வருஷ ஆசை கைக்கு வந்தது, நான் தட்டிவிட்டேன்.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "நான்தான் தப்பா எழுதிட்டேன்! அவர் அறுபத்தஞ்சுன்னுதான் சொன்னாரு! எல்லாரும் கேட்டுக்குங்க, பாழாப்போன என் கைதான்!" என்று கத்தினேன். கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. "இவ வாய அடக்கியிருந்தா இது நடந்திருக்குமா?" என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். சொன்னதில் தப்பில்லை.

குரோவர் இறங்கி வந்தார். "கண்ணாடில இருக்கறதுதான் கணக்கு, வெர்லா. அதை மாத்த என்னால ஆகாது" என்றார். பிறகு அத்தானைப் பார்த்தார். "இருந்தாலும் கேக்கறேன். நீ என்ன சொன்ன, ஓர்வல்?"

எல்லோரும் அத்தானைப் பார்த்தார்கள். அவர் வண்டியிலிருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். முகம் வெளுத்திருந்தது. கண்ணாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கண்ணீரும் ஷூ பாலிஷுமாக நான் நின்ற கோலம் எப்படி இருந்ததோ.

"அறுபத்தொன்பதுன்னுதான் சொன்னேன்," என்றார். "கடைசிப் பந்தயமாச்சேன்னு ஒரு வேகம். காலை அமுக்கிட்டேன். என் தப்புதான்."

"அத்தான்!"

"நீ சும்மா இரு புள்ள."

அதோடு பேச்சு முடிந்தது. ஓர்வல் டீமன் ஓர் எண்ணைச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அத்தானைக் காப்பாற்றக் கொழுந்தியாள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். வாயை அடக்கச் சொன்னவளே வந்து என் தோளைத் தட்டி, "நல்ல மனசும்மா உனக்கு" என்றாள். அந்த நேரத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன். "ஏன் அத்தான் அப்படிச் சொன்னீங்க? அறுபத்தஞ்சுன்னுதானே சொன்னீங்க?"

"அறுபத்தொன்பதுன்னேன். உனக்குக் காது சரியா கேக்கல. கிளீட்டா, புட்டிங் மிச்சம் இருக்கா?"

அதற்குப் பிறகு நானும் விடாமல் கேட்டேன். கிறிஸ்துமஸ் விருந்தில் கேட்டேன். அவர் தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று கேட்டேன். இதய ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கேட்டேன், கிளீட்டா அடிக்க வந்துவிட்டாள். எப்போதும் ஒரே பதில்தான். அறுபத்தொன்பது. போகப் போக எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை அவர் சொன்னது ஒன்பதுதானோ, என் காதுதான் அஞ்சு என்று கேட்டதோ? அப்படி இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி என்றும் நினைத்துக்கொள்வேன். இல்லை என்று கை சொல்லும்.

மற்றபடி நன்றாகத்தான் வாழ்ந்தார். இப்போதும் வாழ்கிறார், எண்பத்தாறு வயது. தோட்டத்தில் தக்காளி போடுகிறார், முதல் பழம் எந்தத் தேதியில் சிவக்கும் என்று முன்கூட்டியே சொல்கிறார். அவர் சொன்ன தேதியில்தான் சிவக்கிறது. அந்த அக்டோபரில்கூடச் சாப்பாட்டை ருசித்துத்தான் சாப்பிட்டார் என்று கிளீட்டா சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் புரியாத விஷயம்.

கால் மைல் இருந்த இடம் இப்போது தண்ணீர் நிற்கிற பள்ளம். வருஷா வருஷம் ஆகஸ்டில், மிச்சம் இருக்கிறவர்கள் ஊர்ப் பூங்காவில் கூடிச் சாப்பிடுவோம். டென்சில் அன்று ஜெயித்த கோப்பையைக் கொண்டுவருவான், அதில் கடுகுச் சாந்துக் கரண்டிகளைப் போட்டு வைப்பான். போன ஆகஸ்டில் அவன் ஒரு புத்தகமும் கொண்டுவந்திருந்தான். கால் மைலில் ஓடிய ஒவ்வொருவரைப் பற்றியும் பழைய தாள்களைத் தேடி எடுத்து அவனே அச்சடித்தது. எழுந்து நின்று ஒவ்வொரு பெயராகப் படித்தான்.

"ஓர்வல் டீமன். ஓடினது இருபத்திரண்டு வருஷம். ரெண்டாமிடம் பன்னெண்டு தடவை." கைதட்டல், விசில். "வாக்கு மீறினது..." கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டான். "ஒரு தடவை."

"அடடா, அந்த ஒண்ணு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

எனக்குத் தாங்கவில்லை. அச்சிலேயே ஏறிவிட்டது. நாங்கள் எல்லோரும் மண்ணுக்குள் போன பிறகும் அந்த 'ஒரு தடவை' இருக்கும். எழுந்து நின்றேன். எண்பது வயதில் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிகிறது.

"அதை அழி டென்சில். அவர் மீறவே இல்ல. அவர் சொன்னது அறுபத்தஞ்சு. நான்தான் அறுபத்தொன்பதுன்னு எழுதினேன். அந்தப் பந்தயம் அவர் ஜெயிச்ச பந்தயம்."

"ஆரம்பிச்சுட்டாய்யா!" என்றான் டென்சில். "ஏ ஓர்வல், உன் கொழுந்தியா மறுபடியும் உன்னைக் காப்பாத்த வந்துட்டா. நீயே சொல்லு, என்ன எண்ணு அது?"

"அறுபத்தொன்பது," என்றார் அத்தான், வாயில் சாண்ட்விச்சோடு.

மேஜை மேஜையாகச் சிரிப்பு. ஒருவர்கூட என்னை நம்பவில்லை. டென்சில் அடுத்த பெயருக்குப் போய்விட்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன். அத்தான் என் முழங்கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இழுத்தார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, காதோடு சொன்னார்.

"உக்காரு புள்ள. முப்பத்தாறு வருஷமா நான் கட்டிக் காப்பாத்துற பொய்யி. ஒரே நிமிஷத்துல ஒடைச்சிடுவ போலிருக்கே."

நான் உட்கார்ந்தேன்.